அயோவா சிட்டியில் ஐந்து நாள்: அறை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள்

முதல் நாள், வியாழன் இரவு

சிகாகோவில் ஏறிய பேருந்து நாலரை மணி நேரம் மேற்கே ஓடியது. வழியெல்லாம் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு. நடுவில் மிசிசிப்பி ஆறு ஒரு நிமிடம் வந்து போனது. அயோவா சிட்டியில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அக்கா மகள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். இங்கே மூன்றாம் வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். "சித்தி, பெட்டிய நான் இழுக்கிறேன், நீங்க தெருவப் பாத்துட்டு வாங்க" என்றாள். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். பழைய வீடுகளைப் பார்க்க எங்கே வேண்டுமானாலும் போவேன்.

அவள் இருப்பது நார்த்சைடு என்ற வடக்குப் பகுதியில், ஜான்சன் தெருவில், நூறு வயது தாண்டிய மரவீடு ஒன்றின் உச்சி அறை. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. இப்போது முன் திண்ணைச் சுவரில் ஆறு தபால் பெட்டிகள் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருக்கின்றன. ஒன்று மட்டும் பித்தளை, மற்றவை தகரம். பித்தளைப் பெட்டியின் மூடி தேய்ந்து விளிம்பு வெள்ளையாகத் தெரிகிறது. எத்தனை பேர் திறந்து திறந்து மூடியிருப்பார்கள்! படி ஏற ஏறக் குறுகிக்கொண்டே போகிறது. அறைக்குள் நுழையும்போதே "தலை பத்திரம்" என்று கத்தினாள். கூரை இரண்டு பக்கமும் சரிந்து வருவதால் நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம்.

இந்த அறை கிடைக்க அவள் பட்ட பாடு தனிக் கதை. போன வருடம் இருந்த இடத்தில் சுவரில் ஆணி அடித்த குற்றத்துக்கு முன்பணம் பாதி போய்விட்டது. கல்லூரி ஊர்களில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை கடைசியோடு முடிந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிதாக ஆரம்பிக்கும். ஒரே வாரத்தில் ஊரே சாமான் தூக்கும். பழைய வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, புது வீட்டுச் சாவி மறுநாள்தான் என்ற நிலையில் அவள் ஒரு ராத்திரி சிநேகிதியின் காரில் தூங்கியிருக்கிறாள். எங்களிடம் அப்போது சொல்லவே இல்லை. இன்றுதான் சொன்னாள்.

இருட்டுவதற்குள் பழைய தலைமைச் செயலகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம். ஓல்டு கேபிடல் என்பார்கள். 1839-ல், இன்னும் மாநிலமாகாத அயோவா பிரதேசத்துக்குத் தலைநகராகவே திட்டமிட்டு உருவாக்கிய ஊர் இது. ஆற்றங்கரை மேட்டில் மரத்தை வெட்டி, வீதிகளைக் கயிறு பிடித்துப் போட்டு, 1840 ஜூலை 4 அன்று இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆற்றோரக் கற்குழிகளில் எடுத்த சுண்ணாம்புக்கல், மேலே பொன் கும்மட்டம், உள்ளே வளைந்து ஏறும் படிக்கட்டு. 1857-ல் தலைநகர் தெ மாய்னுக்குப் போனது. கட்டடம் அப்போது பத்து வயதான அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. தலைநகரை இழந்த ஊர் காலியாகாமல் பிழைத்ததற்கு அந்தப் பல்கலைக்கழகம்தான் காரணம். 2001 நவம்பரில் மராமத்து வேலை நடக்கும்போது தீப்பிடித்துக் கும்மட்டம் முழுதும் எரிந்துபோயிற்று. இப்போது பார்ப்பது அதே அளவில் புதிதாகச் செய்து ஏற்றியது.

அதன் வாசலிலிருந்து நேர் கிழக்கே ஓடுவது அயோவா அவென்யூ. மற்றத் தெருக்களைவிட அகலமான ராஜவீதி.

இரண்டாம் நாள், வெள்ளி

இன்று முழுக்க நடை. கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் பிரவுன் தெரு. இதன் நீளத்தில் இன்னும் செங்கல் பாவியிருக்கிறது. தாரோ சிமெண்டோ போடவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் நம் கட்டடச் செங்கலைவிடக் கனமாக, கருஞ்சிவப்பாக, கண்ணாடி போல வெந்திருக்கிறது. ஓரங்கள் மட்டும் சக்கரம் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கின்றன. மரத்தின் வேர் தூக்கிய இடத்தில் தெருவே அலை மாதிரி மேடு கட்டி நிற்கிறது. கார் போகும்போது எழும் கடகடச் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். வேகமாகப் போக யாருக்கும் மனசு வராது. வேகத்தடை வைக்காமலே தெரு தன்னைக் காத்துக்கொள்கிறது.

இரண்டு பக்கமும் பெரிய வீடுகள். ஓக் மரங்கள் பழுப்பேறிக்கொண்டிருந்தன. சில வீடுகளின் திண்ணை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. பக்கத்தில் வான் பியூரன் தெருவின் 800-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் கர்ட் வானகட் 1965 முதல் இரண்டு வருடம் குடும்பத்தோடு இருந்தார். பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறையில் பாடம் நடத்த வந்தவர். பெரிய செங்கல் வீடு. இப்போதும் குடியிருக்கிறார்கள், அதனால் எதிர்த் தெருவோரத்தில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

டேவன்போர்ட் தெருவில் இன்னொரு வீடு. எம்மா ஹார்வட் என்பவரும் அவருடைய வியாபாரக் கூட்டாளி ஸ்டாக் என்பவரும் சேர்ந்து வாழ்ந்தது. இருவரும் பெண்களுக்கான துணிக்கடை நடத்தினார்கள். ஹார்வட் 1922-ல் இந்த ஊருக்கு மேயரானார். பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஓர் அமெரிக்க நகரத்துக்கு மேயரான முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கிடைத்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. நகராட்சி மன்றக் கூடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

கிழக்கே போகப் போக வீடுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. கூஸ்டவுன் வந்துவிட்டது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள் இங்கே குடியேறினார்கள். பக்கத்து மதுவடிப்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும் பாடுபட்டவர்கள். வீடு சின்னது, மனை நீளம். பின்னால் காய்கறித் தோட்டம், வெயில் காலத்தில் சமைக்கத் தனிக் கொட்டகை, அப்புறம் கூஸ் என்கிற பெரிய வாத்து. வாத்துகள் தெருவிலும் சந்திலும் மேய்ந்ததால் ஊர் வைத்த பெயர்தான் வாத்தூர். கறிக்கும் ஆயிற்று, இறகு மெத்தைக்கும் ஆயிற்று.

மாளிகைத் தெருக்களை வீட்டு முகப்பிலிருந்து பார்க்க வேண்டும். கூஸ்டவுனைப் பின்சந்திலிருந்து பார்க்க வேண்டும். சந்துக்குள் நுழைந்தேன். சரளைக்கல் பாதை. ஒரு வீட்டின் பின்பக்கம் மூன்று காலத்தில் மூன்று முறை நீட்டியிருக்கிறார்கள், மூன்று கூரைகளும் மூன்று உயரம். பிள்ளை பிறந்தபோது ஒன்று, பெற்றோர் வந்தபோது ஒன்று என்று நானாகவே கணக்குப் போட்டேன். ஒரு பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் செவ்வந்திச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்க்கிறேன் என்று சொன்னதும், "உள்ளே எல்லாத் தரையும் சாய்வு, ஒரு கோலியை வைத்தால் தானே அடுப்படிக்குப் போய்விடும்" என்றார். அதை அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

டாட்ஜ் தெருவும் டேவன்போர்ட் தெருவும் சேரும் மூலையில் அவர்கள் கட்டிய புனித வென்செஸ்லாஸ் தேவாலயம், 1893. ஜான்சன் தெருவில் செக் சங்கத்தின் பழைய மண்டபம். பிழைக்க வந்த இடத்தில் முதலில் கோயில், அப்புறம் கூடிப் பேச ஒரு மண்டபம்.

பிரவுன் தெருவின் கிழக்கு முனையில் ஓக்லாண்டு கல்லறைத் தோட்டம். அங்கே கருப்பு தேவதை இருக்கிறாள். இரவில் தொட்டால் சாவு என்று மாணவர்கள் கதை கட்டிவிட்டார்கள். உண்மைக் கதை அதைவிடக் கனமானது. பொஹீமியாவிலிருந்து வந்த மருத்துவச்சி தெரேசா டோலேசல். அவருடைய மகன் எடி 1891-ல் பதினெட்டு வயதில் இறந்தான். வெட்டுண்ட மரத்தின் வடிவில் மகனுக்குக் கல் வைத்தார். பிறகு கணவர் ஃபெல்டவெர்ட் 1911-ல் போனார். தெரேசா செக் நாட்டுச் சிற்பி மரியோ கோர்பெலிடம் சொல்லி வெண்கல தேவதையைச் செய்வித்தார். வெண்கலம் காற்றிலும் மழையிலும் கறுத்தது, அவ்வளவுதான். தெரேசா 1924-ல் இறந்தார். கல்லில் அவர் பிறந்த வருடம் இருக்கிறது. இறந்த வருடத்துக்கான இடம் அப்படியே வெறுமையாக இருக்கிறது. செதுக்கச் சொல்ல வீட்டில் யாரும் மிச்சமில்லை. அந்த வெற்றுக்கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள், சனி

மழை. பெரிதாக ஒன்றும் நடக்க முடியவில்லை.

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு அக்கா மகள் ஒன்று சொன்னாள், சேர்த்துக்கொள்கிறேன். பழைய வீடுகளை வைத்திருப்பது சும்மா காரியம் இல்லை. வரலாற்றுப் பகுதி என்று நகராட்சி அறிவித்த இடத்தில் வெளிப்பக்கம் கண்டபடி கை வைக்க முடியாது. ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டியிருக்கும். அந்தச் செலவு கடைசியில் வாடகையில்தான் வந்து விழும். இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருந்தும், விதி இல்லையென்றால் கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மரவீடுகூட மிஞ்சாது என்பதுதான் என் கட்சி.

மதியம் மழை கொஞ்சம் விட்டபோது கிளின்டன் தெருவுக்குப் போனோம். ஆற்று மேட்டில் டே ஹவுஸ், 1857-ல் ரயில்வே பொறியாளர் பீட்டர் டே கட்டியது. ரயில் இந்த ஊருக்கு வந்த கதை சுவையானது. 1855 முடிவதற்குள் முதல் ரயில் வந்து சேர்ந்தால் 50,000 டாலர் பரிசு என்று ஊர் சொல்லியிருந்தது. டிசம்பர் 31 ராத்திரி, உறைபனி. இஞ்சின் சில நூறு அடி தள்ளி உறைந்து நின்றுவிட்டது. தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தற்காலிகத் தண்டவாளத்தின் மேல் கயிறு கட்டி இழுத்தும் தள்ளியும் கொண்டுவந்து சேர்த்தார்களாம். டே ஹவுஸில் இப்போது 1936-ல் தொடங்கிய எழுத்துப் பட்டறை நடக்கிறது. பக்கத்திலேயே ஷாம்பா ஹவுஸ், பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தின் வீடு. அந்த வீட்டைக் கழற்றாமல் அப்படியே பெயர்த்து இந்த இடத்துக்கு நகர்த்திக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் திட்டத்துக்குத்தான் 1973-ல் அசோகமித்திரன் வந்தார். ஒற்றன் நாவல் இந்த ஊரிலிருந்து பிறந்தது. வந்தவர்களைத் தங்கவைத்த மேஃபிளவர் கட்டடம் டியூபுக் தெருவில், ஆற்றுக்கு எதிரே நிற்கிறது. பழைய வீடு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நீளமான அடுக்குமாடி, ஒரே மாதிரி ஜன்னல்கள். குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று ஜன்னல்களை எண்ணினேன். எந்த ஜன்னல் என்று தெரியாதபோது எல்லா ஜன்னலும் அவருடையதுதான். சாலைக்கு அப்பால் அயோவா ஆறு கலங்கி ஓடியது. 2008 ஜூனில் இதே ஆறு ஏறி வந்து கலைவளாகத்தை மூழ்கடித்தது. ஹான்சர் அரங்கத்தைக் கைவிட்டு, மேட்டில் புதிதாகக் கட்டி 2016-ல் திறந்தார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு

இன்று பார்த்த இரண்டு வீடுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வீடு கிழக்கு கோர்ட் தெரு 1142. 1858-ல் நிக்கோலஸ் ஓக்ஸ் என்ற செங்கல் சூளைக்காரர் தனக்காகக் கட்டிக்கொண்டது. சூளைக்காரர் தன் வீட்டுக்கு எந்தக் கல்லைப் பொறுக்கியிருப்பார்! நடைபாதையிலிருந்து பார்க்கும்போதே சுவரின் நேர்த்தி தெரிகிறது. உயரமான ஜன்னல்கள், பச்சைக் கதவடைப்புகள், கூரைக்குக் கீழே மரத்தாங்கிகள். 1935-ல் இதை வாங்கியவர் ஓவியர் கிரான்ட் வுட். வைக்கோல்வாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விவசாயியும் பக்கத்தில் ஒரு பெண்ணும் இருக்கும் அந்தப் படம், அமெரிக்கன் காத்திக், அவர் 1930-ல் வரைந்தது. பல்கலைக்கழகத்தில் கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்தார். 1942 பிப்ரவரியில் இறக்கும்வரை இதுதான் அவர் வீடு.

அவரிடம் படித்தவர் எலிசபெத் கேட்லெட். கருப்பினப் பெண், வாஷிங்டனிலிருந்து வந்தவர். உனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய் என்று வுட் அவரிடம் சொன்னார். கேட்லெட் சுண்ணாம்புக்கல்லில் ஒரு தாயையும் பிள்ளையையும் செதுக்கினார். 1940-ல் சிகாகோ கண்காட்சியில் அதற்குச் சிற்பத்துக்கான முதல் பரிசு கிடைத்தது. அதே வருடம் முதுகலை பட்டமும் வாங்கினார்.

பல்கலைக்கழக விடுதியில் அவருக்கு அறை இல்லை. கருப்பின மாணவர்களுக்கு அப்போது விடுதி கிடையாது. வெளியே அறை எடுத்துத்தான் படித்தார். அறைத்தோழிகளில் ஒருவர் கவிஞர் மார்கரெட் வாக்கர். இத்தனைக்கும் தொடக்கத்திலிருந்தே ஆணையும் பெண்ணையும் சமமாகச் சேர்த்துக்கொண்ட அரசுப் பல்கலைக்கழகம் இது. அலெக்ஸாண்டர் கிளார்க் ஜூனியர் என்ற கருப்பின இளைஞர் 1879-லேயே இங்கே சட்டப் பட்டம் பெற்றார். வகுப்பில் பெஞ்சு உண்டு, பரீட்சை உண்டு, பட்டம் உண்டு. ராத்திரி தலை சாய்க்க மட்டும் இடம் கிடையாது.

அங்கிருந்து வடக்கே பத்து நிமிடம் நடந்தால் இரண்டாவது வீடு, அயோவா அவென்யூ 942. பார்க்கச் சாதாரண வீடு. தெரியாதவர்கள் திரும்பிப் பார்க்காமலே போய்விடுவார்கள். 1919-ல் அயோவா மாநிலத்துக் கருப்பினப் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு இதை வாங்கியது. தங்கள் இனத்துப் பெண்கள் படிக்க வந்தால் தங்குவதற்காக. மாநிலம் முழுக்கச் சின்னச் சின்ன ஊர்களிலிருந்த சங்கங்கள் சேர்ந்து திரட்டிய பணம். தங்களுக்கு முன்பின் தெரியாத ஏதோ ஒரு பெண் பரீட்சைக்குப் படிப்பதற்காக, எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்திருப்பாள்.

எதிர் நடைபாதையில் நின்றபோது அக்கா மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. "சித்தி, நான் ஒரு ராத்திரி கார்ல தூங்கினதையே பெருசா சொல்லிட்டிருந்தேன்" என்றாள். "அதுவும் பெருசுதான்டா" என்றேன்.

1946-ல் கரியர் ஹால் என்ற பெண்கள் விடுதியில் ஐந்து கருப்பின மாணவியர் குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் வர்ஜீனியா ஹார்ப்பர், பின்னாளில் மாநிலத்தின் உரிமைப் போராட்டங்களில் முன்னால் நின்றவர். இந்தக் கூட்டமைப்பு வீடு இருபத்தேழு வருடம் தாங்கிப்பிடித்த பிறகு வந்த நாள் அது. 2017-ல் ஆற்றோரம் திறந்த பெரிய புது விடுதிக்குக் கேட்லெட் பெயரை வைத்தார்கள். மாலையில் அதன் வாசலுக்கும் போனேன். பிள்ளைகள் பீட்சா அட்டைப்பெட்டியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள், திங்கள்

பேருந்து மத்தியானம். காலையில் இரண்டு காரியம் வைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு நான் மட்டும் கிளம்பி மறுபடி 942-க்குப் போனேன். அங்கிருந்து பல்கலைக்கழகம்வரை அந்தப் பெண்கள் நடந்த நடையை நடந்து பார்க்க வேண்டும் என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. கவர்னர், லூகாஸ், டாட்ஜ், ஜான்சன் என்று குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றாக வந்தன. லூகாஸ் என்பது பிரதேசத்தின் முதல் ஆளுநர் ராபர்ட் லூகாஸ். இந்த ஊரைத் தலைநகராகத் தேர்ந்த காலத்து ஆளுநர். அரசு இங்கே குடிவருவதற்குள் அவருக்குப் பதவி போய்விட்டது. ஊரின் தெற்கே பிளம் குரோவ் என்று 1844-ல் செங்கல் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே கடைசிவரை இருந்தார். வழியில் சில இடங்களில் மரங்கள் சின்னதாக இருக்கின்றன. 2006 ஏப்ரல் சூறாவளி இந்த வீதியின் மேலேயே நடந்துபோனது, பெருமரங்கள் அன்று சாய்ந்தன. மேற்கே பார்த்துக்கொண்டே நடந்தால் வீதியின் முடிவில் கும்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஜனவரிப் பனியில், புத்தகங்களோடு, வேறு கணக்கு.

அடுத்தது தெற்கு டியூபுக் தெரு 914, டேட் ஆர்ம்ஸ். ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டும். 1898-ல் கட்டிய பழைய ரயில் நிலையம் அழகாக நிற்கிறது, பயணிகள் ரயில்தான் இல்லை. டேட் ஆர்ம்ஸ் 1914-ல் கட்டிய வீடு. எலிசபெத் டேட் அம்மாளும் கணவர் ஜூனியஸும் 1940 வாக்கில் இதைக் கருப்பின மாணவர்களுக்கான வாடகை இல்லமாக ஆக்கினார்கள். விடுதிக் கதவு திறந்த பிறகும் பல வருடம் நடத்தினார்கள், ஏனென்றால் ஊரில் அறை கொடுக்க மறுத்த வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சுற்றிலும் இப்போது புது அடுக்குமாடிகள். அவற்றின் நடுவே இந்த வீடு குள்ளமாக, உறுதியாக நிற்கிறது. இடித்துவிடாமல் சீர்செய்து வைத்தவர்களுக்கு என் நன்றி. இந்த ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு டேட் அம்மாளின் பெயர் இருக்கிறது.

திரும்பி வந்தபோது அறைக்கதவின் அடியில் ஒரு உறை செருகியிருந்தது. அடுத்த ஆகஸ்டுக்கான ஒப்பந்தம். இங்கே அக்டோபரிலேயே கேட்டுவிடுகிறார்கள். வாடகை கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள். ஆணி அடிப்பது பற்றி என்ன போட்டிருக்கிறது என்று நான் ஒருமுறை படிக்கச் சொன்னேன். பிறகு பித்தளைத் தபால் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.